நீலகிரி நெட்டைக்காலி: சுருங்கிக்கொண்டே வந்த ஒரு வரைபடம்

பறவை பார்க்க உதகைக்கு வருகிறவர்களின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், நீலகிரி காட்டுப்புறா என்று போகும் அந்தப் பட்டியலின் அடியில், பெரும்பாலும் டிக் விழாமல், நீலகிரி நெட்டைக்காலி நிற்கும். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. பழுப்பு உடம்பு, அதன்மேல் கருங்கோடுகள். புல்லுக்குள் நடந்துகொண்டே பூச்சி பிடிக்கும். ஆள் நெருங்கினால் எழுந்து சற்றுத் தூரம் பறந்து மறுபடி புல்லுக்குள் இறங்கிவிடும். படம் எடுக்கப் போகிறவர்களுக்கு எரிச்சல் தருகிற பறவை. வண்ணம் இல்லை, பெரிய பாட்டும் இல்லை.

ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாடு, கேரள எல்லையை ஒட்டிய உயர்ந்த புல்வெளிகளில் மட்டும் வாழ்வது. 1885-இல் ஷார்ப் என்ற பறவையியலாளர் இதற்கு ஆந்தஸ் நீல்கிரியென்சிஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் இதைத் தனியாகப் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

புதிய இடப் பதிவு என்றால் நமக்கெல்லாம் ஓர் உற்சாகம் வரும். ‘இந்த மலையில் முதன்முறையாக’ என்று தலைப்பிட்டுக் குறிப்பு எழுதலாம், படம் போடலாம். நெட்டைக்காலியின் கதை இதற்கு எதிர்ப்பக்கம் போகிறது. இங்கே அறிவு கூடக் கூட வரைபடத்தில் புள்ளிகள் குறைந்தன. அப்படிக் குறைந்ததால்தான் இந்தப் பறவையின் நிலைமை என்ன என்பது பிடிபட்டது. அதிகம் அறியப்படாத இனங்களைப் பற்றிப் பேசும்போது, புதுப் புள்ளி சேர்ப்பதற்குக் கொடுக்கிற மரியாதையைப் பழைய புள்ளியைச் சரிபார்ப்பதற்கும் ‘இங்கே இல்லை’ என்று முறைப்படி எழுதி வைப்பதற்கும் நாம் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இந்த ஒரு பறவையை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்தப் பதிவை நம்புவது

நெட்டைக்காலிகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் நெட்டைக்காலிகள் வேறு சேர்ந்துகொள்ளும். முதுகில் பச்சை சாயலும் காதுக்குப் பின்னால் வெளிறிய புள்ளியும் உள்ள நெட்டைக்காலி ஒன்று மரத்தடிகளில் கூட்டமாக மேயும். சமவெளி வயல்களில் சாதாரணமாகக் காணும் வயல் நெட்டைக்காலி மலையிலும் திறந்த வெளிகளில் இருக்கும். அதற்குக் கால் நீளம், நிமிர்ந்து நிற்கும், விலாவில் கோடு இருக்காது. நீலகிரி நெட்டைக்காலிக்கு முதுகிலும் விலாவிலும் கோடுகள் அழுத்தமாக இருக்கும். புத்தகத்தில் படிக்கும்போது இதெல்லாம் தெளிவு. மஞ்சுக்கு நடுவே, முப்பது மீட்டர் தள்ளி, இரண்டு விநாடி தெரிந்து மறைகிற பறவையில் விலாக்கோடு பார்ப்பது வேறு விஷயம்.

எனவே நவம்பர் முதல் மார்ச் வரை, படமோ ஒலிப்பதிவோ இல்லாமல், உயரம் குறைந்த ஓர் இடத்திலிருந்து வருகிற பதிவைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். மே, ஜூன், ஜூலையில் வருகிற பதிவுக்கு மதிப்பு கூடுதல். வலசைக்காரர்கள் அப்போது ஊரில் இருப்பதில்லை, குழப்புவதற்கு வயல் நெட்டைக்காலி மட்டுமே மிச்சம். ஆனால் அந்த மாதங்களில்தான் மேற்கு விளிம்பில் காற்றும் மழையும் ஆளைத் தள்ளும். பறவை பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் விடுமுறைக்குத்தான் மலை ஏறுகிறார்கள். பதிவு குவியும் பருவமும் நம்பகமான பருவமும் ஒத்துப்போவதே இல்லை.

அடுத்த சிக்கல் இடம். பழைய அருங்காட்சியகச் சீட்டுகளில் ‘நீலகிரி’ என்று ஒரே சொல் இருக்கும். நீலகிரி என்றால் கீழே இருக்கும் மசினகுடியும் நீலகிரிதான், உச்சிப் புல்வெளியான முக்கூர்த்தியும் நீலகிரிதான். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். இந்தக் குறை பழைய காலத்தோடு போய்விடவில்லை. காலையில் உதகையில் கிளம்பி, அவலாஞ்சி போய், மாலையில் திரும்பி, பார்த்ததையெல்லாம் ஒரே பட்டியலாக ‘உதகை’ என்று குறி வைத்து, இ-பேர்டு என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த ஒரு குறியால் புல்வெளிப் பறவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியேறிவிடும். மென்பொருளுக்கு அது தெரியாது. உயரத் தகவலை எடுத்துக் கணக்குப் போடுகிற ஆய்வாளர் கவனிக்காவிட்டால், ‘இந்தப் பறவை தோட்டங்களிலும் வாழும்’ என்ற முடிவு வரை போகும்.

இன்னொன்றும் உண்டு. பறவை உண்மையிலேயே இருக்கும் இடங்கள் போக முடியாத இடங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா சுமார் 78 சதுர கிலோமீட்டர். 1982-இல் சரணாலயமாகி 1990-இல் தேசியப் பூங்காவானது. வரையாட்டுக்காகப் பாதுகாக்கப்பட்ட அந்தப் புல்வெளிகளே நெட்டைக்காலிக்கும் நல்ல வீடு. அனுமதி இல்லாமல் யாரும் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. ஆகவே பொதுமக்கள் தருகிற தரவு சாலையோரத்தில் அடர்த்தியாகவும் பறவை இருக்கிற இடத்தில் ஏறக்குறைய வெறுமையாகவும் இருக்கிறது.

இதையெல்லாம் கழித்துப் பார்க்கிற வேலையை வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் செய்தார்கள். இந்தப் பறவையின் பரவலையும் ஆபத்து நிலையையும் சேர்த்து மறு ஆய்வு செய்த அவர்களுடைய கட்டுரை 2014-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்தது. பறவை இருப்பதாகச் சொல்லப்பட்ட இடங்களை வரிசையாக எடுத்துச் சோதிப்பது கவர்ச்சியான வேலை இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை புதிய இனம் கண்டுபிடித்தவரைப் பத்திரிகை தேடி வரும். நாற்பது இடத்துக்குப் போய் அங்கே பறவை இல்லை என்று திரும்பியவரை யார் தேடி வரப்போகிறார்கள்?

ஒரு புள்ளியின் எடை

தவறான ஒரு புள்ளி இருந்துவிட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடும். எப்படி என்று பார்க்க, இனங்களின் அழியும் ஆபத்தை மதிப்பிடும் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு அமைப்பின் செம்பட்டியல் கணக்கைக் கொஞ்சம் தொட வேண்டும்.

ஓர் இனத்தின் ஆபத்தை எடைபோட அவர்களிடம் பல அளவுகோல்கள் உண்டு. எண்ணிக்கை தெரியாத, பரப்பு மட்டும் தெரிந்த இனங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பரப்புகள்தான் கை கொடுக்கும். ஒன்று, பரவல் எல்லை. பறவை இருந்த எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, உட்குழிவு இல்லாமல் ஒரு கோடு போட்டால் வரும் பரப்பு. மற்றது, அந்த எல்லைக்குள் அது உண்மையில் குடியிருக்கும் பரப்பு. இதை இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து எண்ணுவார்கள். பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியது’, 5,000-க்குக் கீழே போனால் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’, 100-க்குக் கீழே என்றால் ‘மிக மோசமான ஆபத்தில் உள்ளது’. குடியிருப்புப் பரப்புக்கு இதே படிகள் 2,000, 500, 10 சதுர கிலோமீட்டர். பரப்பு சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. வாழிடம் துண்டு துண்டாகியிருப்பது அல்லது மிகச் சில இடங்களிலேயே மிஞ்சியிருப்பது, தொடர்ந்து குறைந்துவருவது, எண்ணிக்கை பயங்கரமாக ஏறி இறங்குவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இப்போது கற்பனையாக ஒரு கணக்கு. நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் இருக்கும் பரவல் எல்லைக்கு வெளியே, நூறு கிலோமீட்டர் தள்ளி, யாரோ வயல் நெட்டைக்காலியைப் பார்த்துத் தப்பாகப் பெயர் எழுதிய ஒரே ஒரு புள்ளி இருக்கிறது. சுற்றுக்கோடு அதுவரை நீளும். சேரும் முக்கோணம் மட்டுமே 2,000 சதுர கிலோமீட்டர். ஒரு பறவையை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தள்ள அதுவே போதும். அழியும் ஆபத்தில் இருப்பது காகிதத்தில் சௌகரியமாக இருப்பதுபோல் ஆகிவிடும்.

நெட்டைக்காலிக்கு இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. அது வாழும் மலைகள் இரண்டு திரளாக இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி மேட்டுநிலம், தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலைத்தொகுதி. இரண்டையும் சேர்த்துச் சுற்றுக்கோடு போட்டால் நடுவில் கணவாயும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் உள்ளே வந்துவிடும். தென்னந்தோப்பில் எந்த நீலகிரி நெட்டைக்காலியும் இருக்கப்போவதில்லை. முறையின்படி அது தப்பில்லை, ஏனென்றால் ஓர் ஆபத்து ஒரே நேரத்தில் எவ்வளவு பரந்து தாக்க முடியும் என்பதைக் காட்டத்தான் அந்த அளவு. ஆனால் படிக்கிறவர்கள் அதைப் பறவையின் வீடு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மலைப் புல்வெளி இனங்களுக்குக் குடியிருப்புப் பரப்பையே முன்னால் வைத்துப் பேசவேண்டும் என்று சொல்வேன். மறு ஆய்வு நடந்த காலத்தில் செம்பட்டியலில் இது ‘எளிதில் பாதிக்கப்படக்கூடியது’ என்ற படியில் இருந்தது. வாழிடம் துண்டானது, தொடர்ந்து குறைகிறது என்ற இரண்டு நிபந்தனையும் பொருந்தும் பறவைக்கு அந்தப் படி தாராளமானது என்பது என் கருத்து.

எல்லா இனத்துக்கும் இதே வைத்தியம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரி மார்ட்டென் என்ற மரநாய் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு விவரித்தது. தொண்டையில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த பட்டை, நீண்ட வால். தென்னிந்தியாவில் இருக்கும் ஒரே மார்ட்டென் அதுதான். அதை வேறெதோடும் குழப்பிக்கொள்வது கஷ்டம், பார்ப்பதும் கஷ்டம். பதிவுகளில் பல தற்செயலாக ஒருவர் கண்ணில் பட்டவை, அல்லது புலிக்கு வைத்த தானியங்கிக் கேமராவில் விழுந்தவை. அங்கே பிரச்சினை, தேடியவர்கள் குறைவு என்பது. ஆகவே புதிய புள்ளி ஒவ்வொன்றும் உண்மையான செய்தி. நெட்டைக்காலியிடம் பிரச்சினை, சரிபார்க்காத புள்ளிகள் அதிகம் என்பது. ஓர் இனம் ஏன் ‘அதிகம் அறியப்படாதது’ ஆனது என்ற காரணம் தெரியாமல் ஆய்வுத் திட்டம் போட்டால் பணமும் உழைப்பும் வேறு பக்கம் போய்விடும்.

170 இடங்கள், 663 தடவை

2020-இல் இகாலஜி அண்ட் எவலூஷன் இதழில் வந்த ஆய்வு இந்தக் கதையின் நடுநாயகம். அபிமன்யு லேலே, எம். அரசுமணி, சி.கே. விஷ்ணுதாஸ், வி.வி. ராபின் உள்ளிட்டோர் செய்தது. பறவையின் உலகப் பரவலில் பெரும்பகுதியை அவர்கள் சுற்றினார்கள். 170 இடங்களில் 663 கணக்கெடுப்புகள். சராசரியாக ஓர் இடத்துக்கு நாலு தடவைக்குச் சற்றுக் குறைவு.

ஏன் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும்? ஒரு தடவை போய்ப் பறவை தெரியவில்லை என்றால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அங்கே பறவை இல்லை. அல்லது இருந்தது, மஞ்சு இறங்கியதால் தெரியவில்லை. ஒரே வருகையில் இவற்றைப் பிரிக்க முடியாது. பல தடவை போய், அதில் எத்தனை தடவை தெரிந்தது என்ற விகிதத்தை வைத்தால், ‘இருந்தால் நம் கண்ணில் படும் வாய்ப்பு’ எவ்வளவு என்று கணக்கிடலாம். அந்த வாய்ப்பு தெரிந்தபின் தான் ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எவ்வளவு உறுதியோடு சொல்லலாம் என்று தெரியும். இந்த ஒரு படி இல்லாமல் போடப்படும் இனப்பட்டியல்கள் நம் ஊரில் ஏராளம். அவற்றில் இருக்கிற பறவைகளைப் பற்றி மட்டும்தான் அவை பேசும்.

அவர்கள் கண்டது இது. உயரம் கூடக் கூடப் பறவை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, இருக்கிற இடத்தில் எண்ணிக்கையும் கூடுகிறது. புல்வெளித் துண்டு பெரிதாக இருந்தால் ஓரளவு நல்லது. மற்ற துண்டுகளிலிருந்து தள்ளிப்போய்த் தனித்துக் கிடந்தால் ஓரளவு கெடுதல். புல்லுக்கு நடுவே அந்நிய மரமும் புதரும் புகுந்த இடத்தில் எண்ணிக்கை குறைகிறது. பறவை பல இடங்களில் அடியோடு இல்லாமல் போயிருக்கிறது. அண்மையில் துண்டாகிப் பிரிந்த புல்வெளிகளில் இன்னும் இருக்கிறது, ஆனால் மிகக் குறைவாக.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை அதிகம் உறுத்தியது. ஆய்வாளர்கள் இதை அழிவுக் கடன் என்று படிக்கிறார்கள். புல்வெளி சுருங்கிய மறுநாளே பறவை போய்விடுவதில்லை. சில தலைமுறை இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்தக் காலத்தில் போகிறவர் ஒரு ஜோடியைப் பார்ப்பார், படம் எடுப்பார், பதிவு போடுவார். வரைபடத்தில் அது உயிருள்ள ஒரு புள்ளி. ஆனால் அந்த இடத்தின் கதி எப்போதோ முடிவாகிவிட்டது. ஆக, சரியான பெயரும் சரியான இடமும் உள்ள ஒரு நல்ல பதிவுகூட நம்மை ஏமாற்றக்கூடும். ‘இருக்கிறது’ என்பதற்கு அடுத்த கேள்வி, இனப்பெருக்கம் நடக்கிறதா, எத்தனை ஜோடி, அடுத்த புல்வெளி எவ்வளவு தூரம் என்பது. இடப் பதிவுக் குறிப்புகளில் இவற்றுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

உயரம் பற்றிய முடிவுக்கும் ஒரு வால் உண்டு. வெப்பம் ஏறினால் சமவெளி இனங்களுக்கு மேலே போக இடம் இருக்கிறது. ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு? தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்குமேல் மலை இல்லை.

புல் எங்கே போனது

பழனி மலைக்கு வருவோம். பழைய நூல்கள் நெட்டைக்காலியின் பரவலில் பழனி மலையையும் சேர்த்தே சொல்கின்றன. இன்று கொடைக்கானலுக்குப் போகிறவர்களிடம் இது புல்வெளி மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். பைன் காட்டில் படம் எடுத்துக்கொண்டு, யூகலிப்டஸ் தைலம் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்த இரண்டு மரமும் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், அவற்றுக்கு அடியில் முன்பு காடே இருந்திருக்கும் என்ற நினைப்பு.

அரசுமணியும் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பழனி மலையின் நிலமாற்றத்தைக் கணக்கிட்டு 2018-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியிட்டார்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப் புல்வெளியில் 66 விழுக்காடு போயிருக்கிறது. மலை மடிப்புகளில் நிற்கும் சோலைக்காட்டில் 31 விழுக்காடு. மரத் தோட்டங்கள் ஏறக்குறைய 12 மடங்கு பெருகியிருக்கின்றன. மிச்சத்தை விவசாயம் எடுத்துக்கொண்டது. 1973 என்ற தொடக்கம் வசதி கருதியது, லாண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் அப்போதுதான் கிடைக்கத் தொடங்கின. அதற்கு முன்பே நடவு தொடங்கிவிட்டது. ஆகவே அந்த 66 கூட முழு இழப்பு இல்லை.

நீலகிரியில் இது இன்னும் பழைய கதை. ஆஸ்திரேலிய வாட்டில், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் மரம், 1830-களிலேயே வந்துவிட்டது. கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸ் 1840-களில். ஆரம்பத்தில் விறகுக்காக. பிறகு தோல் பதனிடும் டானினுக்காகவும் காகித, ரேயான் கூழுக்காகவும் பெரிய அளவில் நட்டார்கள். ஆவணங்களில் புல்வெளி தரிசு. தரிசில் மரம் வைத்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் யாருக்கும் உறுத்தல் இருந்திருக்காது. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளும் கொஞ்சம் பள்ளத்தாக்குப் புல்வெளியை எடுத்துக்கொண்டன.

இந்தப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் வந்தவை என்ற வாதம் நீண்ட காலம் ஓடியது. நீலகிரிப் பழங்குடிகளான தோடர்கள் எருமை மேய்த்து, தீ வைத்து உண்டாக்கினார்கள் என்பார்கள். ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளில் படிந்திருந்த கரிமண்ணை எடுத்து, புல்லா மரமா என்று காட்டிக்கொடுக்கும், அதிலுள்ள கரிம ஐசோடோப்புகளை அளந்து, 1993-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்திலேயே, சுமார் 20,000 ஆண்டுக்கு முன்பே, இங்கே புல் இருந்தது தெரிந்தது. மனிதன் வந்து உண்டாக்கிய வெட்டவெளி என்ற வாதம் அதோடு பலம் இழந்தது. குளிர்கால உறைபனியும் மரக்கன்று புல்வெளிக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. சோலை மரங்கள் மடிப்புகளுக்குள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தாலே புரியும். ஆஸ்திரேலிய மரத்துக்கு இந்த உறைபனி ஒரு பொருட்டே இல்லை.

பெரிய அளவில் நடுவது நின்று பல காலம் ஆகிறது. புல்வெளி குறைவது நிற்கவில்லை. சோலை மலையுச்சிகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு 2019-இல் பயோலாஜிகல் கன்சர்வேஷன் இதழில் வந்த கணக்கு, 1973 முதல் 2017 வரை சுமார் 340 சதுர கிலோமீட்டர் புல்வெளி அந்நிய மரப் போர்வைக்குள் போய்விட்டது என்கிறது. நடப்பட்ட தோட்டத்தின் விளிம்பிலிருந்து சீகை தானாகப் பரவுகிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உறங்கிக் கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்ற பலகை அதைத் தடுக்காது. மேல் நீலகிரியில் கார்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதர்கள் வேறு. சுற்றுலாப் பயணிகள் அவற்றுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், அழகாகத்தான் இருக்கின்றன.

புல்வெளியோடு போவது நெட்டைக்காலி மட்டும் இல்லை. மேல் நீலகிரிச் சதுப்புகளில் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரியை என்று ஒரு புல் உண்டு. நீலகிரிக்கே உரியது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயப் பயன்படுத்துவது. கூரை மாற்றும் வேளை வந்தால் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஒரு சதுப்பில் அது இன்னும் இருக்கிறதா என்று தாவரவியலாளர் தேடுவதற்கு முன்பே மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், இருக்கிற பெரியவருக்குத் தெரிந்திருக்கும். இடப் பதிவு என்ற பெயரில் நாம் செய்கிற வேலையை வேறு தேவைக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறவர்கள் அவர்கள்.

மரம் வெட்டினால் பறவை வருமா

தமிழ்நாடு அரசு 2022-இல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி வாழிடத்தை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அந்நிய மரங்களை அகற்றுவது பற்றி உத்தரவுகள் போட்டிருக்கிறது. முக்கூர்த்தி பக்கம் வனத்துறை சீகையை வெட்டி அகற்றும் வேலையைச் சில இடங்களில் செய்துவருகிறது. காகிதத்தில் எல்லாம் சரியான திசை.

ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயதான சீகைத் தோப்பை வெட்டினால் லாரி லாரியாக மரம் கிடைக்கும், வேலை நடந்தது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அடியில் புல் செத்து வெகுகாலம் ஆகியிருக்கும், மண் முழுக்க விதை இருக்கும். வெட்டிய இரண்டாம் வருஷம் பழையபடி பச்சைச் சுவர் எழும்பும். சில தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக வந்திருக்கும், அவற்றையும் சேர்த்து அழித்துவிடுவோம். நெட்டைக்காலிக்கு அவசரமாக வேண்டியது வேறு. புல்வெளியின் விளிம்பில் இப்போதுதான் தலைகாட்டும், இடுப்பு உயரம்கூட வராத சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்கி, அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் திரும்பிப் போய்ப் பிடுங்குவது. இதில் மரம் விற்ற வருமானம் கிடையாது, திறப்பு விழாவும் கிடையாது. உயரமான, பெரிய, இன்னும் பறவை இருக்கிற புல்வெளிகளில் இதை முதலில் செய்ய வேண்டும். 2020 ஆய்வின் முடிவுகளை வேலைத்திட்டமாக மாற்றினால் இதுதான் வரும்.

பழனி மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “ஏன் சார், ஊர்ல எல்லாரும் மரம் நடுங்கன்றாங்க, நீங்க வந்து புடுங்குங்கன்றீங்க. அப்புறம் நாங்க எதைத்தான் கேக்குறது?” நியாயமான கேள்வி. மலைப் புல்வெளியில் மரக்கன்று நடும் விழாக்கள் இன்னமும் நடக்கின்றன. நல்ல மனசோடுதான் நடத்துகிறார்கள். நாட்டு மரமே ஆனாலும் புல்வெளியில் நட்டால் புல்வெளி இனங்களுக்கு அது கெடுதல்தான் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்லி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிவிடுவார்கள்.

பழனி மலையின் மேற்கு மேட்டுப்பகுதி, அதாவது மன்னவனூர், கவுஞ்சி, பேரிஜத்துக்கு அப்பால் வந்தரவு வரை, இந்தப் பறவையின் பொருட்டு இன்னும் கவனிக்கத்தக்கது. மிச்சமிருக்கும் புல்வெளித் துண்டுகள் அங்கேதான் அதிகம். 2013 முதல் இப்பகுதியில் பெரும்பாலானவை கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவதால் வனத்துறை அனுமதியோடுதான் உள்ளே போகமுடியும். மன்னவனூர்ப் பக்கத்துச் சாலையோரப் புல்வெளிகளுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே போகிறவர்களிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொள்வேன். பட்டியலை ஊர் முழுதுக்கும் சேர்த்துப் போடாமல், புல்வெளிக்கு ஒன்றாக, குறியைச் சரியான இடத்தில் வைத்துப் போடுங்கள். நெட்டைக்காலி என்று எது தெரிந்தாலும் விலா தெரிகிற மாதிரி ஒரு படம், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. முடிந்தால் கோடையில் போங்கள். புல்லுக்குள் சீகைக் கன்று இருக்கிறதா, எந்த உயரம் என்பதைக் குறிப்பில் ஒரு வரி எழுதுங்கள். கூட்டைத் தேடிப் புல்லை மிதிக்க வேண்டாம். பறவை தெரியாத நாளிலும் பட்டியலை ஏற்றுங்கள், ‘பார்த்த பறவைகள் அனைத்தையும் பதிந்திருக்கிறேனா’ என்ற கேள்விக்கு ஆம் என்று குறித்து. அந்தக் குறி இல்லாத பட்டியலில் நெட்டைக்காலியின் பெயர் இல்லாவிட்டால், இல்லையா, எழுதவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கில் அது சேராது.